கயிறு கொடுக்காத வீடு

அருணகிரியின் வீட்டு நாய் ஏரிக்கரைக் குப்பத்துக்குக் கொடுக்கப்பட்ட அன்று அதன் நிழல் அதோடு சேர்ந்து போகவில்லை. நெற்குதிரின் அடியில், நாய் எப்போதும் சுருண்டு கிடக்கும் இடத்தில், நிழல் மட்டும் சுருண்டு கிடந்தது. வீடு ஆரம்பாக்கத்துக்குத் தெற்கே, ரயில் பாதைக்கும் வயலுக்கும் நடுவில் இருந்தது. அந்த ஆண்டு சம்பா நன்றாக விளைந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் தொழிற்சாலைகளுக்காக நிலம் அளந்து கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஏரியில் இறால் வரத்து குறைவு என்று பேச்சு.

நாய் அந்த வீட்டுக்கு வந்ததே ஒரு வம்பில்தான். தெருநாய்களை அடித்துப்போட ஆள் பிடித்திருந்தார்கள். அடிக்க வந்தவன் சின்னதுரை, கெட்டவனல்ல, கூலிக்குத் தடி எடுத்தவன். அவனுடைய தடிக்குத் தப்பிய ஒரு செவலை நாய், வாசலில் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்ற அருணகிரியின் கால்களுக்கிடையே புகுந்து உள்ளே ஓடிவிட்டது. "பெரியவரே, கொஞ்சம் ஒதுங்குங்க, ஒரே அடிதான்" என்றான் சின்னதுரை. அருணகிரி ஒதுங்கவில்லை. "என் நிலைப்படியத் தாண்டினது எதுவா இருந்தாலும் அது என் ஊட்டுது. தெகிரியம் இருந்தா நீயும் தாண்டு, பாக்கலாம்" என்றார். சின்னதுரை தடியைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அருணகிரிக்கு நாய் பிடிக்காது. அதுவரை அந்த வீட்டுக்குள் நாய் கால் வைத்ததும் இல்லை. நிலைப்படியை நம்பி வந்ததை வெளியே தள்ளினால் செத்துப்போன அப்பன் பாட்டன் முகத்தில் எப்படி விழிப்பது என்பது ஒன்றுதான் அவருடைய கவலை.

செவலை மூன்று போகம் அந்த வீட்டில் இருந்தது. குதிருக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடுக்கை விட்டு அது பகலில் வெளியே வந்ததில்லை. யாராவது பார்த்தால் சோற்றைத் தொடாது. ஆகவே அது சாப்பிடும் வேளையில் வீட்டில் எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்கள். அருணகிரியும் உட்கார்ந்தார். பஞ்சாயத்து விஷயமாகப் பேச வந்த பெரிய மனிதர்களும் காரணம் கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்கள். "நான் இந்த ஊட்டுக்கு வாக்கப்பட்டு வந்தப்போ எனக்காக ஒருத்தராவது இப்டித் திரும்பிக் குந்தினீங்களா?" என்று அவர் மனைவி கோவிந்தம்மா கேட்டாள்.

பிறகு பக்கத்து நிலத்தில் இரும்புத் தூண்களைத் தரைக்குள் அடித்து இறக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு அடிக்கும் செவலை நடுங்கியது. அது நடுங்கினால் குதிர் நடுங்கியது, குதிரோடு சேர்ந்து பரணில் இருந்த பித்தளைப் பாத்திரங்கள் நடுங்கின, கடைசியில் உத்தரமும் நடுங்கிற்று. சாப்பிட உட்கார்ந்தால் இலையில் சுண்ணாம்பு உதிர்ந்தது. செவலை சோற்றை அறவே விட்டுவிட்டது. அருணகிரி தொழிற்சாலைக்காரர்களிடம் போய்ச் சத்தம் போட்டுப் பார்த்தார். அவர்கள் நாற்காலி போட்டார்கள், மோர் கொடுத்தார்கள், தூண் அடிப்பதை நிறுத்தவில்லை. "இது இங்க இருந்தா செத்துப்பூடும். சத்தமில்லாத எடமாப் பாத்துக் குடுத்துடலாம்" என்றாள் கோவிந்தம்மா. அடைக்கலம் கொடுத்ததைக் காக்க முடியவில்லை என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

கருவாடு கொடுத்து நெல் வாங்கிப்போக வரும் கலியனும் அவன் மனைவி பூவம்மாளும்தான் தோதான ஆட்களாகத் தெரிந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை இல்லை. அவர்கள் குப்பத்தில் தண்ணீர்ச் சத்தத்தையும் கொக்குச் சத்தத்தையும் தவிர வேறு சத்தம் இல்லை. நெல்லுக்கு வந்த ஒரு நாள் பூவம்மாள் குதிருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து கிழிந்த வலையை முடிந்துகொண்டிருந்தாள். செவலை தானாக வெளியே வந்து அவள் புடவையை முகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "வந்துட்டியா, வா" என்று வலையைப் பார்த்துச் சொன்னாள். அதுவே போதும் என்று முடிவாயிற்று.

கொடுக்கிற அன்று அருணகிரி ஒரு தவறு செய்தார். அந்தப் பக்கத்தில் மாடு விற்றால் விற்கிறவர் பழைய கயிற்றை அவிழ்த்துத் தம்மிடம் வைத்துக்கொள்வார். வாங்குகிறவர் புதுக் கயிறு கொண்டுவர வேண்டும். கயிறும் சேர்ந்து போனால் கொட்டில் பாழாகும் என்பது நம்பிக்கை. நாய்க்கு அப்படி ஒரு முறை யாரும் கேட்டதில்லை. ஆனால் தம் வீட்டிலிருந்து போகிற உயிர் முறையில்லாமல் போகக்கூடாது என்று அருணகிரி நினைத்தார். செவலையின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் வைக்கச் சொன்னார், வந்த புதிதில் அதன் கழுத்தில் கட்டியிருந்த கயிற்றைத் தம் கையாலேயே அவிழ்த்தார். பூவம்மாள் வலை நூலில் முறுக்கிய புதுக் கயிற்றைக் கட்டினாள். "அந்தப் பழைய கவுத்தையும் குடுங்க நைனா. பயந்த சீவன், அதோட வாசனையாவது அது கூட இருக்கட்டும்" என்றாள். "இந்த ஊட்ல இருந்து எதுவும் கவுத்தோட போனதில்லம்மா" என்று சொல்லி, அதைக் குதிருக்கு மேலே ஆணியில் மாட்டினார். மறுநாள் கோவிந்தம்மா பெருக்கப் போனபோது நிழல் கிடந்தது. துடைப்பம் அதன் மேல் போய் வந்தது, நிழல் போகவில்லை. தூண் அடிக்கும் சத்தம் கேட்டபோது அது நடுங்கியது. ஆனால் பாத்திரங்கள் நடுங்கவில்லை, நிழலுக்குக் கனம் போதாது.

அறுப்புக்கு முன்பே கலியன் வந்து நின்றான். "நைனா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. நாயி வெயில்ல நடந்தா கீழ ஒண்ணுமே இல்ல. குப்பமே வந்து வேடிக்க பாத்துட்டுப் போச்சு. அதுகூடப் பரவால்ல. மீன் போட்டாலும் துன்னுது, சோறு போட்டாலும் துன்னுது, ஒடம்புல ஒட்டமாட்டேங்குது. எலும்பும் தோலுமாப் பூடுச்சு. பேஜாராக்கீது. அந்தக் கவுறு ஒண்ணு குடுத்துட்டீங்கன்னா..." அருணகிரி அவனுக்குச் சோறு போடச் சொன்னார், ஒரு மரக்கால் நெல் கூடுதலாக அளக்கச் சொன்னார். கயிற்றைப் பற்றி மட்டும், அது வழக்கமில்லை என்றார். கலியன் போனபின் கோவிந்தம்மா ஒரு பிடி சோற்றை எடுத்து நிழலின் வாயருகே வைத்துவிட்டு, பழக்கத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் சோறு அப்படியே இருந்தது, சோற்றின் நிழல் மட்டும் காணோம். அன்று குப்பத்தில் செவலை வயிறு நிறைந்து, வந்ததிலிருந்து முதல் தடவையாகக் காலை நீட்டித் தூங்கியது. அடுத்த சந்தையில் பூவம்மாள் சொல்லித் தெரிந்தது. நிழல் போன சோற்றைக் கோழிகளுக்குப் போட்டார்கள். கோழிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தினமும் நிழலுக்குச் சோறு வைத்து, இப்படியே சில ஆண்டுகள் போயின. குப்பத்தில் நாய் தேறியது, படகுத் துறை வரை நடக்கப் பழகிற்று. ஊரில் மட்டும் பேச்சு கிளம்பியது. முழுசாகக் கொடுக்க மனம் வராமல் பாதியைப் பிடித்து வைத்திருக்கிறார் என்றார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுச் சோற்றையும் இவரே அனுப்புகிறார் என்று டீக்கடையில் சிரித்தார்கள். கொடுத்ததில் குறை வைத்தவர் என்ற சொல் அருணகிரியைத் தின்றது. அவர் நெற்குதிரை நகர்த்தினார், நிழல் இருந்த இடத்திலேயே இருந்தது. தரையைக் கொத்திப் புதுச் சாணம் மெழுகினார், மெழுகிய தரை மேல் வந்து கிடந்தது. நாலு பக்கமும் விளக்கேற்றி வைத்தார், அது நாலு பக்கமும் பயந்து இன்னும் சுருண்டது. அதைப் பார்க்கப் பொறுக்காமல் விளக்குகளை அவரே ஊதி அணைத்தார். "கவுத்தக் குடுத்துத் தொலைங்களேன்" என்று கோவிந்தம்மா ஒவ்வொரு அறுப்புக்கும் சொன்னாள். அவர் துண்டை உதறவில்லை.

எழுபதுகளின் நடுவில் வீடும் வயலும் தொழிற்சாலைக்குள் போயின. ஏன் என்று கேட்ட இடங்களில் எல்லாம் மறுபடி மோர் கொடுத்தார்கள். திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டியிருந்த மகன் இராமலிங்கம் வந்து, இருவரும் தன்னோடு வந்துவிடலாம் என்றான். எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றலாம், நிழலை எப்படி ஏற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. அன்று அருணகிரி ஆணியிலிருந்து கயிற்றை எடுத்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, ஊர் பார்க்க ஏரிக்கரை வரை நடந்தார். அந்தக் குடும்பத்தில் கயிறு கொடுத்த முதல் மனிதர் அவர்தான். "எடுத்துக்கோம்மா" என்றார் பூவம்மாளிடம். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிச் செவலையின் கழுத்தில் கட்டினாள். செவலை முகர்ந்து பார்த்தது. இத்தனை ஆண்டில் கயிற்றில் நாயின் வாசனை போய், சுவரின் வாசனையும் நெல்லின் வாசனையும்தான் மிஞ்சியிருந்தன. அது தும்மிவிட்டுப் படகுத் துறைப் பக்கம் போய்விட்டது. வெயில் நன்றாக அடித்தது. நாயின் கீழே ஒன்றுமில்லை. "அப்பவே குடுத்திருந்தா வந்திருக்குமோ இன்னாவோ" என்று கலியன் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக்கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டான். அருணகிரி நிமிர்ந்தபடியே திரும்பி நடந்தார். வீட்டில் நிழல் அப்படியே கிடந்தது.

வீட்டை இடித்தார்கள். நெற்குதிரை உடைத்தார்கள். நிழல் பள்ளத்தில் கிடந்தது, பள்ளத்தை மண்ணால் நிரப்பியபோது மண் மேல் கிடந்தது, சிமெண்டு போட்டபோது சிமெண்டின் மேல் கிடந்தது. கூரை போட்டு வெயிலே வராமல் அடைத்த பிறகும் கிடந்தது. அங்கே நிற்க வேண்டிய இயந்திரத்தைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினார்கள். தொழிலாளர்கள் மிதித்துவிடாமலிருக்க யாரோ சுற்றிலும் மஞ்சள் வண்ணத்தில் கோடு போட்டார்கள். அருணகிரி திருநின்றவூருக்குப் போகவில்லை. கோவிந்தம்மாவோடு கும்மிடிப்பூண்டியில் ஒரு குடித்தனத்தில் இருந்துகொண்டு, ஆலைக்குக் கதவு போடும்வரை கேட்பாரில்லாமல் உள்ளே போய்ச் சோறு வைத்து வந்தார். கதவு போட்ட பிறகு தினமும் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு ஆலை வாசலில் வந்து நின்றார். தன் நிலத்தில், தன் நிலைப்படி இருந்த இடத்துக்குப் பக்கத்தில், உத்தரவு கேட்டு நின்றார். முதல் நாள் காவலாளி சாலமோன், "யாரைப் பாக்கணும் பெரியவரே?" என்று கேட்டதும் சோற்றோடு திரும்பிவிட்டார். அன்று குப்பத்தில் நாய் பட்டினி கிடந்தது. இரண்டாம் நாள் சாலமோன் மறுபடி கேட்டார். அருணகிரி தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "நம்ம ஊட்டு நாயி ஒண்ணு உள்ள கீது. அதுக்குச் சோறு போடணும். கொஞ்சம் விடுப்பா" என்றார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டு ஊர் பார்த்ததில்லை. "மஞ்சக் கோட்டுக்குள்ள கெடக்குதே, அந்த நிழலா? வாங்க" என்று சாலமோன் கதவைத் திறந்தார். உள்ளே அருணகிரி சோற்றை வைத்ததும் ஆலையின் ஆட்கள் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது.

செவலை குப்பத்தில் கிழடாகிச் செத்தது. கலியன் பழைய கயிற்றை எடுத்துக்கொண்டு ஆலை வாசலுக்கு வந்தான். "நேத்து பூடுச்சு நைனா. பூவம்மா மடியிலதான். பயப்படல" என்றான். இருவரும் உள்ளே போனார்கள். மஞ்சள் கோட்டுக்குள் நிழல் சுருண்டு கிடந்தது. இனி யாருக்காக என்று அருணகிரி ஒரு கணம் யோசித்தார், பிறகு சோற்றை எடுத்து வைத்தார். எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். திரும்பிப் பார்த்தபோது சோறு இருந்தது, சோற்றின் நிழல் இல்லை. கலியன் கயிற்றை மடித்து நிழலின் பக்கத்தில் வைத்தான். அதை யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஆலைச் சங்கு ஊதியதும் அருணகிரி தூக்குவாளியோடு வந்தார், சாலமோன் ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார்.