இது வேற சளி

பதினோராம் நாளும் ருக்மினிக்கு மூக்கு ஒழுகியது. பாழாய்ப்போன மூக்கு! மகள் த்யாஸ் எலும்பு மஜ்ஜை மாற்றி, ஜாவாவில் செமராங் ஆஸ்பத்திரியின் கண்ணாடி அறையில் கிடந்தாள். உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லை. சளி பிடித்தவர் யாரும் உள்ளே போகக் கூடாது. ருக்மினிக்கோ குழந்தைகள் காப்பகத்தில் வேலை. அதை விட்டால் மகளின் மருத்துவக் காப்பீடும் போய்விடும். இருபது வாண்டுகள், இருபது மூக்குகள். ஒரு சளி விடுவதற்குள் அடுத்தது அவளைப் பிடித்துக்கொண்டது.

"போன வாரமும் சளின்னுதானே சொன்னே?" கண்ணாடிக்கு அப்பாலிருந்து போனில் கேட்டாள் த்யாஸ். "இன்னுமா விடல?"

"அது விட்டுடுச்சு, கண்ணு. இது வேற."

"சும்மா புளுகாதே. என் மொட்டைத் தலையப் பார்க்கப் பயம், அதானே?" சிரித்தாள். பிறகு, "ஒரே ஒரு தடவை வந்து கையப் பிடிச்சுக்கம்மா, போதும்" என்றாள்.

அன்று மாலையே ருக்மினி கணவன் வாகியோவிடம் முதுகைக் காட்டினாள். அவன் எண்ணெய் தடவி, காசால் அழுத்திச் சுரண்டினான். ஜாவாவில் சளிக்கு அதுதான் கைவைத்தியம்; உள்ளே புகுந்த காற்று வெளியேறிவிடுமாம். கழுத்திலிருந்து இடுப்புவரை செக்கச்செவேலென்று கோடுகள். காலையில் இரண்டு மாத்திரை விழுங்கினாள். மூக்கு வறண்டது. தெய்வமே என்று கிளம்பினாள்.

வாசலில் நர்ஸ் எண்டா காய்ச்சல் பார்த்தாள். இல்லை. குல்லா மாட்டுவதற்காக ருக்மினி முக்காட்டைக் கழற்றினாள். அவ்வளவுதான். எண்டாவும் ஜாவாக்காரிதானே! பிடரியில் அந்தக் கோட்டைப் பார்த்தால் போதாதா?

"இபு," என்றாள், அம்மா என்று மரியாதையாக அழைப்பதுபோல. "நேத்து சுரண்டிக்கிட்டீங்களா?"

"இடுப்பு வலி, சிஸ்டர்."

"என்கிட்டயேவா?"

ருக்மினி வெடித்தாள். "புத்துநோய்க்கே மருந்து வச்சிருக்கீங்க, ஒழுகுற மூக்குக்கு ஒண்ணு இல்லையா?"

"சளி ஒரே கிருமி இல்ல, இபு. நூத்துக்கும் மேல இருக்கு. ஒண்ணை உடம்பு ஜெயிச்சா அடுத்தது புதுசா வருது. எதுக்குன்னு மருந்து பண்றது?" எண்டாவுக்குக் கண் கலங்கியது. "உங்களுக்கு மூக்கொழுகல். அவளுக்கு உயிர். போயிட்டு அடுத்த வாரம் வாங்க."

அந்த அடுத்த வாரம் வரவேயில்லை. சனிக்கிழமை த்யாஸின் ரத்தத்தில் கிருமி ஏறியது. யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்ததல்ல. அவள் குடலுக்குள்ளேயே இருந்ததுதான். ருக்மினி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கண்ணாடிக் கதவு திறந்து கிடந்தது. யாரும் அவளை நிறுத்தவில்லை. உள்ளே போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். தும்மல் வந்தது. பழக்கதோஷத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.