உதட்டில் நின்ற சொல்

செத்துப்போன அப்பாவின் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தாள் மகள்.

"பொம்பளப் பிள்ள செய்ற வேலையா இது? ஆள் கூப்பிடலாம்ல" என்று சித்தப்பா சொன்னதை அவர் வாயைப் பார்த்தே பிடித்தாள். சவரக்கத்தியை எடுத்தாள். ஏழு வயதில் காய்ச்சலோடு காதும் போனதிலிருந்து பிறர் உதட்டில்தான் அவள் பிழைப்பு. அதற்காகவே அப்பா நாள் தவறாமல் முகத்தை மழித்துக்கொண்டு வந்து எதிரே உட்காருவார். படுக்கையில் விழுந்த பிறகுதான் இந்தத் தாடி. மழித்துவிட வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லை, அதுதான் கொடுமை.

சுவரோரம் உறவுக்கூட்டம் அவளைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தது. காது கேட்காதவளுக்கு என்ன தெரியப்போகிறது என்ற தைரியம்.

"எங்க வீட்டுல இடமில்லப்பா."

"கூடப் பொறந்தவன் எதுக்கு இருக்கான்? அவன் தலையில கட்டு."

அண்ணி விவரமானவள். முதுகைத் திருப்பிக்கொண்டு பேசினாள்.

போன வாரம்தான் ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. "சொல்லி அனுப்புறோம்" என்று அதுவரை கதவைச் சாத்தியவர்களுக்குக் கணக்கே இல்லை. சலவைக் கம்பெனி சூப்பர்வைசரம்மா மட்டும், "மெஷின் ஓடுறப்ப உள்ள எல்லாருமே செவிடுதான், கையாலதான் பேசிக்குவோம். நீ வா" என்று சிரித்தாள். அப்பாதான் பிடிகொடுக்கவில்லை. "நான் இருக்கிற வரைக்கும் உனக்கு எதுக்கு வேலை? வீடு இருக்குல்ல?"

காலையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதும் அவளையே பார்த்துக்கொண்டு அதைத்தான் சொன்னார். தாடிக்குள் உதடு நீண்டு ஒரே ஒரு சொல் தெரிந்தது. வீடு. போகிற உயிரின் பேச்சைத் தட்ட முடியுமா?

சவரத்தை முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தாள். சூப்பர்வைசரம்மா கேட்டிருந்தாள். "நாளைக்கு வர்றியா? இல்லன்னா வேற ஆள் போடணும்."

'வரல' என்று அடித்தாள். அனுப்புவதற்குள் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்தான்.

"ஏன்?" என்று புருவத்தை உயர்த்தினான்.

"அப்பா சொன்னாரே. வீடுன்னு."

அவன் ஏதோ சொன்னான். மீசைக்காட்டுக்குள் ஒன்றும் பிடிபடவில்லை. "தெரியல" என்றாள். அவன் இரண்டு விரலால் மீசையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னான்.

"வீடு இல்ல, விடு. 'அவள விடுடா, வேலைக்குப் போகட்டும்'னாரு. மூச்சு இழுத்ததுல எழுத்தும் இழுத்துக்கிச்சு. பார்த்தது உன்ன, சொன்னது எங்கிட்ட."

"நெசமாவா?"

"அப்பா மேல சத்தியமா."

அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள். எவ்வளவு சத்தமாக அழுதாள் என்று அவளுக்குத் தெரியாது. கூட்டம் மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

'வரல'வை அழித்தாள். "அப்பா இறந்துட்டார். காரியம் முடிச்சிட்டு வரேன்" என்று அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது. "மெதுவா வா. இடம் உனக்குத்தான். வேலைச் சட்டை தைக்கணும், தோள் அளவு மட்டும் அனுப்பு."

செல்போனை அண்ணியிடம் நீட்டினாள். அண்ணி இரண்டு தடவை படித்தாள். அவளைத் திருப்பி நிறுத்தி, விரலை விரித்து, ஒரு தோளிலிருந்து மறு தோளுக்குச் சாணும் விரலுமாக அளந்தாள். பாதியில் கணக்குத் தப்பிவிட்டது போல. மறுபடியும் முதலிலிருந்து அளக்கத் தொடங்கினாள்.