மச்சானிடம் போன வலது கை

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். வெங்காயம் அரிந்துகொண்டே சொல்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்தால் கதைக்காக என்று நினைத்துவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் ஒருவருக்குப் புரதம் குறைந்தால் அவருடைய தசை எழுந்து, புரதம் இருக்கிற ஆளிடம் போய்விடும். சொல்லிக்கொண்டும் போகாது. மற்றபடி நல்ல ஊர்தான்.

நான் வெங்காயம் அரிகிற கடைக்குக் கொம்பையாதான் பரோட்டா மாஸ்டர். மாவு மூட்டையோடு வழுக்கி விழுந்ததில் அவருக்குத் தாடை உடைந்தது. ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, நாற்பது நாளைக்குக் குடிக்கிற ஆகாரம்தான் என்றார்கள். ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரதம் போகணும் என்று நர்ஸம்மா தாளில் எழுதியும் கொடுத்தாள். முதலாளி, நாற்பத்தோராம் நாள் வந்து மாவை வீசினால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்றார்.

ஒத்தாசைக்கென்று கொம்பையாவின் பெண்டாட்டி முப்பிடாதிக்கு அண்ணன் சடையாண்டி வந்து இறங்கினார்.

எங்கள் பக்கத்து வழக்கம் இப்படி. பருப்பு வெந்தால் மேலே நிற்கிற தெளிவு நோயாளிக்கு. ஆட்டுக்கால் சூப் என்றால் வடிகட்டின சாறு நோயாளிக்கு. சத்தெல்லாம் தண்ணீரில் இறங்கிவிட்டது என்போம். அடியில் கிடக்கிற பருப்பையும் எலும்பில் ஒட்டின கறியையும் வீணாக்கக் கூடாதே என்று சடையாண்டி சாப்பிட்டார். நன்றாகவே சாப்பிட்டார்.

பத்தாம் நாள் காலையில் கொம்பையாவின் வலது கைத் தசை சடையாண்டியிடம் போய்விட்டது. சட்டைக் கைக்குள் எலும்பும் தோலும் மட்டும் கொடியில் காய்கிற மாதிரி தொங்கின. முகம் கழுவிய சடையாண்டி துண்டை எடுத்ததும், வீசி, அடித்து, ஆறு மடிப்பாக மடித்துவிட்டார்.

"மச்சான், என் கை உம்மகிட்ட இருக்கு" என்றார் கொம்பையா, பல்லிடுக்கு வழியாக.

"வீடு தேடி வந்ததை விரட்ட முடியுமா மாப்ளே?"

அன்று சாயங்காலம் நலம் விசாரிக்க வந்த முதலாளி கொம்பையாவைப் பார்க்கவில்லை. துண்டைத்தான் பார்த்தார். எங்கே வேலை பார்க்கிறீர் என்று சடையாண்டியிடம் கேட்டார். சும்மாதான் இருக்கேன் என்று இவரும் சொன்னார். கொம்பையா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

முப்பிடாதி சண்டைக்குப் போகவில்லை. கூடப்பிறந்தவரைக் கிளம்பச் சொல்ல முடியாது. சொன்னாலும் புருஷன் கையோடு கிளம்பிவிடுவார். தசைக்கு உறவுமுறை தெரியாது, சோத்துத் தட்டு எங்கே இருக்கு என்றுதான் தெரியும் என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் மிக்சியை இரவல் வாங்கிப் போனாள்.

அதிலிருந்து வெந்த பருப்பு மொத்தமும், அவித்த முட்டையின் வெள்ளையும், எலும்பிலிருந்து உருவின கறியும் மிக்சிக்குள் போயின. பருப்புக்குப் பால், கறிக்குச் சூப் என்று விட்டுத் தளர்த்தி, கடைவாய்ப் பல்லுக்குப் பின்னால் இருக்கிற சந்து வழியாகக் குழாய் வைத்து, இரண்டு மணிக்கொரு தம்ளர் கொடுத்தாள். நடுவில் பொட்டுக்கடலை மாவு கரைத்த மோர். முட்டை நாறுது என்று கொம்பையா முனகியபோது, மூக்கு அவருடையதுதானே, பிடித்துக்கொள்ளட்டும் என்றாள்.

மேலே நின்ற தெளிவை வெள்ளித் தம்ளரில் ஊற்றி அண்ணனிடம் நீட்டினாள்.

"சத்தெல்லாம் இதுலதான் இறங்கியிருக்கு அண்ணே. ஒங்களுக்குத்தான்."

ஊரே நம்புகிறதை அவர் மட்டும் நம்பாமல் இருப்பாரா?

"அப்போ சக்கையெல்லாம் மாப்ளைக்கா? பாவம்" என்று சொல்லிக் குடித்தார்.

எட்டு நாள் கழித்து, ஒரு மத்தியானம் வலது கைத் தசை திரும்பி வந்தது. வாசலில் கொஞ்சம் தயங்கி நின்றது. முப்பிடாதி தம்ளரைக் காட்டினாள். உள்ளே போய்ப் பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. அடுத்த வாரம் சடையாண்டியின் சொந்தக் கெண்டைக்கால் இரண்டும் வந்தன. வந்தவர்களைப் பசியோடு அனுப்புகிற வீடு இல்லை அது.

நாற்பத்தோராம் நாள், கம்பியை அவிழ்த்த வாயோடு கொம்பையா கடையில் நின்றார். முதல் வீச்சிலேயே மாவு மேசை முழுக்கப் பரவியது. அடியில் கிடந்த பேப்பரில் ஒரு செய்தியை முதலாளி மாவு வழியாகவே வாசித்து முடித்துவிட்டு, சரி, அடுப்பைப் பற்றவை என்றார்.

அந்த நேரம் வீட்டில் சடையாண்டி, தெளிவை மட்டுமே குடித்துக் குடித்து முழுக்கத் தெளிவாகவே ஆகி, ஈசிச்சேர்த் துணியின் பள்ளத்தில் தேங்கியிருந்தார். ஊருக்குப் போகணும் என்று இரண்டு குமிழி விட்டார். முப்பிடாதி ஒரு சொட்டும் சிந்தாமல் அவரைத் தூக்குவாளியில் முகந்து பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோனாள். பாவூர்சத்திரத்தில் அண்ணி வந்து வாங்கிக்கொள்வாள் என்று கண்டக்டரிடம் சொன்னாள். அவர் அரை டிக்கெட் போட்டார்.

வாளியை ஜன்னலோரமாக வைத்தாள். அண்ணனுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. மூடியின்மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டு இறங்கினாள்.