தாலாட்டு முடிந்த பிறகு

பெட்டி பேசுகிறது என்று புகார் வந்த அன்று அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அர்ச்சனாவும் சிரித்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க அவர்கள் கம்பெனி விற்கிற பேபி மானிட்டர் அது. குழந்தை அழுதால் அம்மாவின் போனில் கேட்கும். போனில் தட்டினால் பெட்டி தாலாட்டுப் பாடும். பாட்டு முடிந்த பிறகு யாரோ ஒரு பொம்பளை பேசுகிறாள் என்று ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தாள்.

"பக்கத்து வீட்டு ரேடியோவா இருக்கும் லா," என்றார் மோகனராஜ், அர்ச்சனாவின் குழுத் தலைவர். "நம்ம லேப்ல ஒரு தடவைகூட வரல. கேஸை மூடிடு."

மூடியிருப்பாள். ஆனால் புகார் தொடங்கிய தேதி உறுத்தியது. போன மாதம் அனுப்பிய அப்டேட்டுக்கு அடுத்த வாரம் அது. அந்த அப்டேட்டில் பெட்டியின் கெர்னல் மாறியிருந்தது. பெட்டிக்குள் ஓடுகிற எல்லா வேலைக்கும் நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கிற அடிமட்ட மென்பொருள் அது. அர்ச்சனா சோறு தின்பதே அந்த வேலையில்தான். மத்தியானம் தானே கிளம்பிப் போனாள்.

பதினாலாவது மாடி. கதவைத் திறந்தவள் பெயர் பிரமிளா. வீடு துடைத்து வைத்தது போலிருந்தது. தொட்டிலில் மூன்று மாதப் பெண் குழந்தை கண்ணை உருட்டிக்கொண்டு கிடந்தது. கணவன் கோகிலனுக்குக் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் ஃபேக்டரி வேலை. விடியும் முன்பே பாலத்தைத் தாண்டிவிடுவான். பிள்ளை பெற்றபோது வந்து பார்த்துக்கொண்ட பிரமிளாவின் அம்மா, கால் வீக்கத்தோடு தன் ஊரான நிபோங் திபாலுக்கே திரும்பிவிட்டாள்.

"நீங்களே கேளுங்க மேடம்," என்று பிரமிளா போனைத் தட்டினாள்.

தாலாட்டு முழுவதும் ஓடி முடிந்தது. லேசான இரைச்சல். பிறகு, தொட்டிலுக்குள் குனிந்து யாரோ ரகசியம் சொல்வது மாதிரி ஒரு குரல்: "…காத்து நல்லா வருது…"

அவ்வளவுதான், நின்றுவிட்டது. அந்த அறையில் அவர்கள் மூன்று பேரைத் தவிர யாரும் இல்லை. வெளியே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

பிரமிளா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "அவரு நம்பவே இல்ல மேடம். அவரு இருக்கிறப்ப ஒரு நாளும் வராது. கோயில்ல போயி எனக்குக் கயிறு மந்திரிச்சுக் கொண்டு வந்தாரு."

"தெரிஞ்சவங்க குரலா?"

"இல்ல. யாருன்னே தெரியல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா பாப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு. எவ்வளவு அழுதாலும் அந்தக் குரல் வந்துச்சுன்னா நிறுத்திடுது."

பெட்டியை அணைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். அர்ச்சனா வேறொரு புதுப் பெட்டியை அங்கே வைத்துவிட்டு, பழையதை அணைக்காமல் பேட்டரியிலேயே ஓடவிட்டு, மடியில் வைத்துக்கொண்டு அலுவலகம் வந்து சேர்ந்தாள்.

உள்ளே இருந்ததை அப்படியே கணினிக்கு எடுத்ததும் கோளாறு தெரிந்துவிட்டது. ஒரு வேலை திருப்பிக் கொடுத்த நினைவகத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கும் முன் கெர்னல் துடைத்துக் கொடுக்க வேண்டும். புது அப்டேட்டில் யாரோ வேகத்துக்காக ஒரு குறுக்குவழி போட்டிருந்தார்கள். இடம் தாராளமாக இருக்கும்வரை தொந்தரவில்லை; நாள்கணக்காக ஓடி இடம் நெருக்கடியானால், துடைக்காத சிலேட்டு மாதிரி பழைய நினைவகத்தையே கெர்னல் எடுத்து நீட்டியது. மைக் கேட்டு வைத்திருந்த பேச்சின் மேல் தாலாட்டு ஏறியது. பாட்டு முடிந்த இடத்துக்கு அப்பால், அழியாத பேச்சு ஸ்பீக்கர் வழியாக வெளியே வந்தது. லேபில் தினமும் பெட்டியை அணைத்துப் போட்டதால் அங்கே அது தலைகாட்டவே இல்லை.

ஆக, அந்தக் குரல் வெளியிலிருந்து வரவில்லை. அந்த அறையிலேயே எப்போதோ பேசியது.

சிதறிக் கிடந்த துண்டுகளை வரிசைப்படுத்தி ஓடவிட்டாள். மோகனராஜ் காபியோடு பின்னால் வந்து நின்றார்.

"கேட்டுச்சா பாப்பா? காத்து நல்லா வருது. ஜன்னல் திறந்துதான் இருக்கு. நாம ரெண்டு பேரும் போயிடலாமா? அப்பா தேட மாட்டாரு."

அழுகை இல்லை, கோபம் இல்லை. கடைக்குப் போய்வரலாமா என்று கேட்கிற நிதானம். அதற்குப் பிறகு ஒரு முணுமுணுப்பு, ஏதோ பாட்டு.

அந்த 'கேட்டுச்சா'வை அர்ச்சனா இன்னொரு தடவை ஓடவிட்டாள். கடைசி எழுத்தில் மெல்ல ஏறுகிற இழுப்பு. மத்தியானம் எதிரே நின்று அதே வார்த்தையை அதே மாதிரி ஒருத்தி கேட்டாளே. தன் குரலை வெளியிலிருந்து கேட்டால் யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியாது. குழந்தைக்குத்தான் தெரியும்.

"அண்ணே, இது அந்தப் பொண்ணோட குரல்."

மோகனராஜ் காபியைக் கீழே வைத்தார். "போன் பண்ணு."

பிரமிளா எடுக்கவில்லை. கோகிலனின் போனும் அடித்துக்கொண்டே இருந்தது. ஃபேக்டரி ஆபீஸ் நம்பரைத் தேடிப் பிடித்து, "அவரை உடனே வீட்டுக்கு அனுப்புங்க," என்று மட்டும் சொன்னாள். அதற்குள் மோகனராஜ் காரைக் கிளப்பத் தயாராக, காடிச் சாவியோடு வாசலில் நின்றார்.

அவர் கீழே காடியை நிறுத்துவதற்குள் அர்ச்சனா லிப்டில் ஏறிவிட்டாள். கதவு பூட்டாமல் இருந்தது. துடைத்து வைத்தது போலிருந்த வீடு இப்போது தலைகீழாகக் கிடந்தது. இழுப்பறைகள் தரையில், துணிமணி, மருந்துப் பாட்டில், கரண்டிகள் எல்லாம் இறைந்து கிடந்தன. நடுவில் பிரமிளா மண்டியிட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடி விரியத் திறந்திருந்தது. கம்பி கிரில் மட்டும் பூட்டோடு மூடியிருந்தது.

"என்ன தேடுற?"

"சாவி."

"எந்தச் சாவி?"

"கிரில் சாவி. அங்கதான் மாட்டியிருக்கும். காலையிலேருந்து காணோம்."

"எதுக்கு அது இப்போ?"

பிரமிளா நிமிர்ந்து பார்த்தாள். நெற்றி சுருங்கியது. பரீட்சையில் தெரியாத கேள்வியைப் பார்க்கிற மாதிரி வெகுநேரம் யோசித்தாள். "தெரியலையே," என்றாள்.

அர்ச்சனா முதலில் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். ஜன்னலைச் சாத்தினாள். பிறகு தரையிலேயே அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெர்னலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"பிரமிளா, அந்தப் பெட்டியில இருந்தது உன் குரல்தான்மா."

பிரமிளா கையிலிருந்த கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப வீட்ல வேற யாரும் இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"யாராச்சும் இருக்காங்கன்னே நெனச்சேன் அக்கா. இருந்திருந்தா தேவலாம்." அர்ச்சனாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "தூங்கி எத்தன நாளாச்சுன்னு எனக்கே தெரியல."

"வா, டாக்டர்கிட்ட போவோம். நானும் கூட வரேன்."

மறுப்பாள் என்று பயந்திருந்தாள். பிரமிளா சின்னப் பிள்ளை மாதிரி எழுந்து செருப்பைத் தேடினாள்.

பெரியாஸ்பத்திரிக்குக் கோகிலன் யூனிஃபார்மோடு ஓடி வந்தான். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருகிற நோய், பேய் பிசாசு இல்லை, மருந்து கொடுத்தால் தேறிவிடும் என்று டாக்டரம்மா அவனை உட்காரவைத்துச் சொன்னார். மனைவியின் மணிக்கட்டில் தான் கட்டிய கயிற்றைப் பார்த்துக்கொண்டே அவன் தலையாட்டினான். பிரமிளாவை வார்டில் சேர்த்தார்கள். அன்றைக்கு அவள் அசையாமல் தூங்கினாள்.

கெர்னலைச் சரிசெய்வது பெரிய காரியமாக இருக்கவில்லை. குறுக்குவழியை எடுத்துவிட்டு, துடைத்த பிறகே கொடு என்று பழையபடி மாற்றினாள். பெட்டி ஒரு நூலிழை மெதுவானது. ஒரு வரிசைப் பெட்டிகளை அணைக்காமல் வாரக்கணக்கில் ஓடவிட்டுப் பரிசோதித்தார்கள். தாலாட்டு முடிகிற ஒவ்வொரு முறையும் லேபில் எல்லோர் பேச்சும் நின்றுபோகும். மோகனராஜ்கூடக் கழுத்தைச் சாய்த்துக் காத்திருப்பார். ஒன்றும் வரவில்லை. அப்டேட் எல்லா வீடுகளுக்கும் போனது. பிரமிளாவின் ஒலித் துண்டுகளை அர்ச்சனா தானே அழித்தாள்.

பிரமிளா தேறி, கைக்குழந்தையோடு நிபோங் திபாலில் அம்மா வீட்டில் இருந்தபோது அர்ச்சனா ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனாள். பிரமிளாவுக்கு முகத்தில் சதை பிடித்திருந்தது. அன்று காலை கோகிலன் ஆயர் ஈத்தாம் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தபோது கிரில் சாவி கிடைத்ததாம். அரிசி டப்பாவின் அடியில், பாப்பாவின் காலுறைக்குள் சுருட்டி வைத்திருந்ததாம்.

"அவரு வைக்கலயாம். அம்மா போனப்புறம் நீங்க வர்ற வரைக்கும் அந்த வீட்டுக்கு வேற யாருமே வரல," என்றாள் பிரமிளா. "பேசுனதும் நான்தான், ஒளிச்சு வச்சதும் நான்தான்னு டாக்டர் சொல்றாங்க. ரெண்டு பேரையுமே எனக்குத் தெரியாதுக்கா."

உள்ளே குழந்தை சிணுங்கியது. அவள் எழுந்து பால் கலக்கப் போனாள்.