கட்டியிடம் நலம் விசாரித்தவர்

இன்குபேட்டர் கதவைச் சரியாகச் சாத்தாமல் வந்தவர் சவரிமுத்துதான். மலேசியாவின் கூலிமில் ஓர் ஆய்வுக்கூடத்தில் தரை துடைப்பது அவர் வேலை. மனைவி அகத்தாவின் குடல் கட்டியிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, அங்கே இன்குபேட்டர் என்ற வெதுவெதுப்பான பெட்டியில், ஜெல்லிக்குள் ரவையைவிடச் சிறிய உருண்டைகளாக வளர்த்தார்கள். எந்த மருந்து அவளுக்குக் கேட்கும் என்று முதலில் அவற்றில்தான் சோதிப்பார்கள். சவரிமுத்து அந்தக் கதவைத் திறந்து, உருண்டைகளிடம் "சௌக்கியமா?" என்று வேறு கேட்டுவிட்டு வந்திருந்தார். மறுநாள் காலையில் சூடு குறைந்து பாதி உருண்டைகள் செத்துக் கிடந்தன.

அவரைத் திட்டி முடித்த ஆய்வுக்கூட டாக்டர் உமாராணி, மிச்சமே சோதனைக்குப் போதும் என்றார். ஆனால் வீட்டில் அகத்தாவிடம் ஒப்புக்கொள்வதற்குள் சவரிமுத்துவுக்கு மூன்று கோப்பை தேத்தண்ணி தேவைப்பட்டது.

அகத்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "செத்தது கேன்சர்தானே? அப்ப நீங்கதான் பெரிய டாக்டர்லா!"

"சிரிக்காத புள்ள. உன்னைக் கேட்டா ஆறு மாசமா ஒண்ணுமில்லன்னே சொல்ற. அதான் கட்டியையே போய்க் கேட்டேன். நெசமா சொல்லு, வலிக்குதா?"

அகத்தாவின் சிரிப்பு நின்றது. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குதுங்க. ரொம்ப வலிக்குது. பயமாவும் இருக்கு."