இன்னும் ஏறலாம்

பங்குத் தரகு அலுவலகத்தில் அவளுக்கு வேலை, வாடிக்கையாளர்களின் போனுக்குத் தினமும் தமிழில் நாலு வரி அனுப்புவது. மாதக்கணக்காகச் சந்தை மூச்சுவிடாமல் ஏறிக்கொண்டிருந்தது. கம்பெனிகளின் லாபம் இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க, விலை மட்டும் மாடிக்கு மேல் மாடி கட்டியது. எத்தனை நாளைக்கு? 'விலை சரியக்கூடும், கவனம்' என்று எழுதினாள். மேலாளர் அடித்துவிட்டார்.

"நல்லா ஓடுற கடை வாசல்ல நின்னு இருமாதேம்மா. ஏறலாம்னு போடு. அந்த 'லாம்' இருக்கே, நாளைக்கு எவனும் நம்ம சட்டையைப் பிடிக்க முடியாது."

பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள்: 'இன்னும் ஏறலாம்.'

மறுவாரம் அப்பா அலுவலகத்துக்குப் போன் செய்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் ஒரே குஷி.

"கண்ணு, ரிட்டயர் ஆன பணம் மொத்தத்தையும் ஷேர்ல போட்டுட்டேன்."

"யாரைக் கேட்டுப்பா போட்டீங்க?"

"உன்னைத்தான். உங்க ஆபீஸ்ல கணக்கு வெச்சிருக்கிற உன் மாமா போன்ல காட்டினாரே, இன்னும் ஏறலாம்னு நீ எழுதினதை."

"விலை ஏறலாம்னு எழுதினேன்ப்பா!"

"அப்படியா? எடம் இருக்கு, ஏறிக்கலாம்னுல்ல நெனச்சேன். வாழ்நாள் பூரா நான் கத்தின வார்த்தையாச்சே!"

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குடும்பத்தில் முதல் பட்டம் அவளுடையது. அவள் எழுதினால் அங்கே அப்பீல் கிடையாது.

"நாளைக்கே வித்துடுங்க."

"ஏன், விழப்போகுதா?"

"விழும்."

"எப்போ?"

"அது யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னா எதுக்கும்மா தினமும் எழுதுறே?"

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஒற்றைக்காலில் நின்று விற்க வைத்தாள்.

சந்தை அதற்குப் பிறகுதான் பறந்தது.

"மாமா கார் எடுத்துட்டார்" என்றாள் அம்மா, பாத்திரத்தை நங்கென்று வைத்து. "நமக்கெதுக்குக் கார்? நம்ம வீட்லதான் பட்டதாரி இருக்காளே."

அவள் அறைக்குள் வந்தால் அப்பா போனைக் கவிழ்த்துவைத்தார். தான் விற்ற பங்கின் விலையைத்தான் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். காலையில் பல் விளக்குமுன் சந்தையைப் பார்த்தாள். விழு, விழுந்து தொலை.

ஒருநாள் விலைகள் இறங்கி, அலுவலகத் திரை முழுக்கச் சிவப்பானது. அவள் மாடிப்படிக்கு ஓடி அப்பாவை அழைத்தாள்.

"பாத்தீங்களா? நான் சொன்னேனா இல்லையா? சரியுதுப்பா! அடிமாட்டு விலைக்குப் போகுது!"

"மாமா பணம் பூரா அதுலதானேம்மா இருக்கு" என்றார் அப்பா. "உனக்கென்ன இவ்ளோ சந்தோஷம்?"

அவள் வாயைத் திறப்பதற்குள் உள்ளே கைதட்டல் கேட்டது. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறி, பச்சைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

"ச்சே" என்றாள்.

அப்பா இன்னும் லைனில்தான் இருந்தார்.