உள்பக்கம் அடித்த பச்சை

தையலம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் நாள். மற்றதெல்லாம் வெறும் கிழமை. அந்த இரண்டு நாளும் மத்தியானம் சாப்பிட்ட கையோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். செத்துப்போன புருஷனின் அக்காவுக்குச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த அண்ணியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது இவள் பொறுப்பு. முடிந்து வெளியே வரும்போது இருட்டிவிடும். திரும்புகிற வழியெல்லாம் இரண்டு பேரும் நர்சின் கொண்டையிலிருந்து பக்கத்துக் கட்டில்காரரின் குறட்டைவரை ஒன்றுவிடாமல் அலசுவார்கள். அண்ணியை இறக்கிவிட்டு வீட்டுக் கதவைத் திறந்தால் தையல் மெஷின் மட்டும்தான் பேச்சுத்துணை. அதுவும் மிதித்தால்தான் வாயைத் திறக்கும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்ததில் மண் விழுந்தது. காரின் முன்விளக்கு இரண்டும் மினுக்கு மினுக்கென்று மினுக்க ஆரம்பித்தன. மேடுபள்ளத்தில் ஏறினால் போச்சு, அணைந்து அணைந்து எரியும். எதிரே வந்த லாரிக்காரன், ஏதோ சைகை காட்டுகிறாள் என்று வண்டியை ஓரங்கட்டி, ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனான். அண்ணி சிரித்தாள். வீட்டு வாசலில் காத்து நின்று இதைக் கேட்ட அண்ணி மகன் சிரிக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. கண்ணடிச்சிட்டுப் போற கார்ல அம்மாவ அனுப்ப எனக்குப் பயமா இருக்கு. வாடகைக் காருக்குச் சொல்லிடுறேன்."

அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்குள் சரிசெய்துவிடுகிறேன், அதுவரை பொறு என்று கேட்டுக்கொண்டு வந்தாள். புது பல்பு இரண்டு வாங்கி மாட்டினாள். பழையது மினுக்கிய அதே ஒழுங்கில் புதியதும் மினுக்கியது. வேறு வழியில்லாமல், கார் கரண்டு வேலை பார்க்கிற வயர்காரரிடம் கொண்டுபோய் விட்டாள்.

அவர் ஷெட்டில் வண்டி நல்ல பிள்ளையாக நின்றது. விளக்கு இரண்டும் எதிர்ச் சுவரில் வட்டமாக விழுந்து அசையாமல் எரிந்தன. டாக்டர் முன்னால் காய்ச்சல் ஓடிப்போகிற மாதிரிதான் என்று சொல்லிவிட்டு, வயர்காரர் முன்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். உடனே சுவர் மினுக்கியது. இவளை ஸ்டீயரிங் முன்னால் உட்காரவைத்து, சுவரைப் பார்த்து மினுக்குகிறதா என்று சொல்லச் சொன்னார். என்ஜினை உறுமவிடச் சொல்லிப் பார்த்தார், மாற்றமில்லை. விளக்கு சுவிட்சைத் தட்டிப் பார்த்தார், அதிலும் குற்றமில்லை. கடைசியில் தனி வயர் ஒன்றின் ஒரு முனையை பேட்டரியின் நெகடிவிலும் மறுமுனையை விளக்கிலிருந்து வருகிற எர்த்து வயரிலும் பிடித்துக்கொண்டு, உதவியாளை விட்டு வண்டியை ஆட்டச் சொன்னார். வெளிச்சம் கல்லுப்போல நின்றது.

எர்த்து வயர் போய்ச் சேருகிற இடத்தில் டார்ச் அடித்தவர், அப்படியே நிமிர்ந்து இவளைப் பார்த்தார்.

"யாரும்மா இங்க வந்து வாசல் கேட்டுக்கு அடிக்கிற பச்சை பெயிண்ட்ட அடிச்சது?"

"நான்தான். துருவா இருந்துச்சு."

"போல்ட்டக் கழட்டிட்டா அடிச்சீங்க?"

"பின்ன? மேலாப்புல பூசினா அடியில துரு அப்படியே இருக்குமே."

வயர்காரர் பானெட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். விளக்குக்குக் கரண்டு வயர் வழியாகப் போகுமாம். திரும்பி வருவது வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தானாம். வயர் இரும்பைத் தொடுகிற அந்த வாசலில் பெயிண்டைப் பூசி அடைத்துவிட்டால், வீடு திரும்ப வழியில்லாமல் அது தடுமாறாதா?

துணியை முதலில் உள்பக்கம் திருப்பிப் பார்ப்பதுதான் தையலம்மாவின் தொழில் புத்தி. உள்தையல் பிசிறடித்தால் வெளியே எவ்வளவு மினுக்கினாலும் அவளுக்கு ஆகாது. பச்சை அடித்த அன்றைக்குத் தைக்கத் துணி இல்லை, போனும் அடிக்கவில்லை. பொழுது நகராமல் போய் பானெட்டைத் திறந்தாள். கேட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் கையில் கிடைத்தது. அவ்வளவுதான்.

வயர்காரர் உப்புத்தாளால் தேய்த்தார். பச்சை போய் வெள்ளை இரும்பு பளிச்சென்று தெரிந்தது. போல்ட்டை இறுக்கி, மேலே கிரீஸ் தடவினார். எவ்வளவு ஆட்டியும் சுவர் வெளிச்சம் அசையவில்லை.

காரில் உட்கார்ந்தபடியே அண்ணி மகனுக்குப் போன் போட்டாள். வாடகைக் காருக்கு நேற்றே சொல்லியாகிவிட்டது என்றான். மாதக் கணக்காம், இனி மாற்ற முடியாதாம். நீங்களும் ரெஸ்ட் எடுங்க அத்தை என்றான். ஊரில் எல்லாரும் அவளுக்குக் கொடுப்பது அது ஒன்றைத்தான். அம்மாவிடம் கொடு என்றாள்.

பெயிண்ட் கதையைக் கேட்டு அண்ணி இருமல் வருகிறவரை சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்.

"வேலையில்லாம உக்காந்திருந்த நேரத்துல இங்க வந்திருக்கலாமேடி."

"அன்னிக்கு ஆஸ்பத்திரி நாள் இல்லியே, அண்ணி."

"ஆஸ்பத்திரில எனக்கு நாலு நர்சு இருக்காளுங்க. மத்த நாள்லதான் ஒரு ஆளும் இல்ல."

இப்போது கிளம்பினால் இருட்டிவிடுமே என்று இழுத்தாள் தையலம்மா. லைட்டுதான் சரியாகிவிட்டதே என்று அண்ணி போனை வைத்துவிட்டாள்.

வழியில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. பாத்தீங்களா அண்ணி, அசையல என்று பக்கத்துச் சீட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அண்ணி வீட்டு வாசலில் வழக்கம்போல ஹாரன் அடிக்கப் போன கை பாதியில் நின்றது. ஹாரன் அடித்தால் அண்ணி ஆஸ்பத்திரிப் பையோடு வெளியே வருவாள், இவள் இறங்க வேண்டியிராது. புருஷன் போனதற்கு அப்புறம், ஒரு காரியமும் இல்லாமல் அந்த வீட்டுப் படி ஏறியதேயில்லை. பிறகு விளக்கை அணைத்து, என்ஜினை அணைத்து, இறங்கி, கதவைத் தட்டினாள்.